நீ சாட்சிக் கையெழுத்துப் போடவேண்டிய பத்திரம்

கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை நீ ஃபோனில் சொன்னதற்கு நான் பதில் சொல்லவில்லை. நீ பேச ஆரம்பித்தால் நான் உம் கொட்டுவதோடு சரி, வைத்த பிறகுதான் எனக்குப் பேச்சு வரும். அதனால் எழுதுகிறேன். நாளைக்குப் பொள்ளாச்சி போகும்போது கூரியரில் போட்டுவிடுவேன். வியாழக்கிழமை காலை பத்து மணிக்குப் பத்திரப் பதிவு அலுவலகத்தில் நமக்கு நேரம் கொடுத்திருக்கிறார்கள். அதற்கு முன் நீ இதைப் படித்துவிட வேண்டும்.

தோட்டத்தை உன் அம்மா பெயருக்கு எழுதிவைக்கப் போகிறேன், நீ வந்து சாட்சிக் கையெழுத்துப் போடு என்று கேட்டேன். நீ கோபப்படவில்லை. பெங்களூர் போய் இத்தனை வருடம் ஆகியும் நம் பக்கத்து மரியாதை உன் பேச்சில் குறையவில்லை, அதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் நீ சொன்னது இது: “அம்மா பேர்ல எழுதி என்னங்கப்பா பண்றது? தோட்டத்தப் பத்தி அம்மாவுக்கு என்னங்க தெரியும்? நீங்க சொல்றதச் செஞ்சுபோட்டு இருக்கறவங்கதானுங்களே. என் பேர்ல எழுதுங்க. பூராத்துலயும் தென்னைய வெச்சுட்டு, ஒரு ஆளப் போட்டுப் பாத்துக்கலாம். அம்மா இங்க வந்து ரெஸ்ட் எடுக்கட்டுங்க.” நல்ல எண்ணத்தில்தான் சொன்னாய், அது எனக்குத் தெரியும். அந்த நினைப்பு உனக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்தேன். ரொம்ப தூரம் தேட வேண்டியிருக்கவில்லை. உன்னை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கும்போது பள்ளிக்கூடத்தில் ஒரு படிவம் கொடுத்தார்கள். தகப்பன் தொழில் என்ற இடத்தில் விவசாயம் என்றும், தாய் தொழில் என்ற இடத்தில் வீட்டில் இருக்கிறார் என்றும் நான்தான் எழுதினேன். எழுதும்போது நான் வீட்டில் இருந்தேன், அவள் தோட்டத்தில் இருந்தாள்.

நீ காலேஜ் இரண்டாம் வருடம் படித்தபோது எனக்குக் கால் ஒடிந்தது உனக்கு நினைவிருக்கும். வாய்க்கால் மேட்டில் மொபெட் சறுக்கி, கோயமுத்தூரில் ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் கிடந்தேன். சனிக்கிழமைதோறும் ஹாஸ்டலில் இருந்து வந்து என் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து செல்ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அதே மாதத்தில் தோட்டத்தில் நடந்ததை உனக்கு நாங்கள் சொல்லவே இல்லை. படிக்கிற பையனுக்கு எதற்கு என்று அவள் நினைத்தாள். எனக்கு வேறு காரணம் இருந்தது, அதைத்தான் இப்போது எழுதப் போகிறேன்.

அப்போது நமக்குச் சின்ன வெங்காயம். நட்டு ஒரு மாதம் ஆகியிருந்தது, காய் பிடிக்கிற நேரம், தண்ணீர் தப்பக் கூடாது. வாய்க்காலில் தண்ணீர் விட்டிருந்தார்கள். ஒவ்வொரு தோட்டத்துக்கும் இத்தனை மணி நேரம் என்று முறை வைத்து மடை திறப்பார்கள். முறையை முடிவு செய்வது வாய்க்கால் சங்கம். நம் முறை வரவேண்டிய நாளில் தண்ணீர் வரவில்லை. மேல்தோட்டத்துக்காரர் நான் ஆஸ்பத்திரியில் இருக்கிறேன் என்று கேள்விப்பட்டு, வெள்ளாமை பார்க்க ஆளில்லை என்று நினைத்து, நம் நேரத்தையும் சேர்த்துத் தன் தென்னைக்குத் திருப்பிக்கொண்டார். உன் அம்மா இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தாள். மூன்றாம் நாள் சங்கக் கூட்டம் நடக்கிற இடத்துக்கே போய்விட்டாள்.

நம் ஊரில் யாரும் யாரையும் விரட்டமாட்டார்கள். நாற்காலி போட்டார்கள், டீ வாங்கிக் கொடுத்தார்கள், என் கால் எப்படி இருக்கிறது என்று ஒவ்வொருவராக விசாரித்தார்கள். அவள் எங்கள் முறை எங்கே போனது என்று கேட்டாள். தலைவர், “அவரு வரட்டுங்க அம்மணி, பேசிக்கலாம்” என்றார். “அவரு வர்ற வரைக்கும் வெங்காயம் நிக்காதுங்க. முறை நோட்டுல எங்களுக்கு எந்தக் கிழமை போட்டிருக்குதுன்னு பாருங்க” என்றிருக்கிறாள். பட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் சங்கத்தில் பேசலாம், அதுதான் விதி என்று ஒருவர் ரொம்ப மரியாதையாக எடுத்துச் சொன்னார். அவள் டீயைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டாள். பிறகு கிணற்றில் ஊறுகிற தண்ணீரை வைத்துக்கொண்டு, ஒரு பாத்தி விட்டு ஒரு பாத்தி பாய்ச்சி, பாதி வெங்காயத்தையாவது காப்பாற்றினாள். இதை நான் பிற்பாடு வேலையாட்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஆஸ்பத்திரிக்கு வரும்போதெல்லாம் தோட்டம் நன்றாக இருக்கிறது என்றுதான் சொன்னாள்.

நான் கைத்தடியோடு வீடு வந்த வாரமே சங்கத்துக்குப் போனேன். மேல்தோட்டத்துக்காரர் செய்தது தப்பு. முறை நோட்டைத் திறந்து காட்டிக் கேட்டிருந்தால் எல்லாரும் தலையைக் குனிந்திருப்பார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? உள்ளே நுழைந்ததும் கும்பிட்டு, “ஊட்டுல பொம்பளைங்க தெரியாம இங்க வந்து பேசிப்போட்டாங்க, யாரும் மனசுல வெச்சுக்காதீங்க” என்றேன். யாரும் கேட்கவில்லை, நானாகச் சொன்னேன். அப்படிச் சொன்னால் காரியம் சுமுகமாக முடியும் என்பது எனக்குப் பழக்கம். நீயும் ஆபீசில் அப்படித்தான் மேலே வந்திருப்பாய் என்று நினைக்கிறேன். தலைவர் சிரித்து, “அதுக்கென்னங்க, நம்ம அம்மணிதானுங்க” என்றார். அடுத்த முறை நமக்குத்தான் என்று ஒரு நிமிடத்தில் முடிவாகிவிட்டது. போனதற்குப் பதிலாக இரண்டு மணி நேரம் கூட்டியும் கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்து இதைப் பெரிய சாமர்த்தியமாக அவளிடமே சொன்னேன். நீ போய்ப் பேசிக் கெடுத்ததை நான் மன்னிப்புக் கேட்டுச் சரி செய்துவிட்டேன் என்றேன். அவள் சாணி வழித்துக்கொண்டிருந்தாள். “செரிங்க” என்றாள். அவ்வளவுதான். சண்டை போட்டிருந்தால் நான் சமாளித்திருப்பேன்.

மறுநாள் காலையில் காப்பியைக் கொடுத்துவிட்டு எதிரே நின்று, “இன்னைக்கு என்ன வேலைங்க?” என்று கேட்டாள். கல்யாணம் ஆனதில் இருந்து அவள் அப்படிக் கேட்டதே கிடையாது. நான் காப்பி குடித்து முடிப்பதற்குள் அவள் தோட்டத்தில் இருப்பாள். எனக்கு அது முதலில் பிடித்திருந்தது. கால் சரியில்லாத மனுஷனுக்கு மரியாதை கூடியிருக்கிறது என்று நினைத்தேன். மாட்டுக்குத் தீவனம் வெட்டு, மேல்பாத்தியில் புல் பிடுங்கு என்று எதையோ சொன்னேன். சொன்னதைச் செய்தாள். அதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை. மேல்பாத்தியில் பிடுங்கினாள், கீழ்ப்பாத்தியில் புல் அப்படியே நின்றது. மறுநாள் காலை திரும்பவும் காப்பி, திரும்பவும் அதே கேள்வி. நான்கு நாளில் எனக்குச் சொல்வதற்கு வேலை தீர்ந்துபோனது. தோட்டத்தில் வேலை தீரவில்லை, எனக்குத் தெரிந்த வேலை தீர்ந்துபோனது. முப்பது வருடத்துக்குப் பக்கமாக விவசாயி என்று கையெழுத்துப் போட்டவன் நாற்காலியைப் போட்டு வரப்பில் உட்கார்ந்துகொண்டு, அடுத்து என்ன என்று முழித்தேன்.

சங்கத்தில் கேட்டு வாங்கிய தண்ணீர் வந்தது. அப்போது வெங்காயத் தாள் சாய ஆரம்பித்திருந்தது. ஓலை வேய்ந்த பட்டறையில் மாதக்கணக்கில் அடைத்து வைக்கிற வெங்காயத்துக்கு அறுவடைக்கு முன்னால் தண்ணீரை நிறுத்திக் காயவிட வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே அழுகும். இது எனக்கும் தெரிந்ததுதான், ஆனால் எந்த நாளில் நிறுத்துவது என்பதை எந்த வருடமும் நான் முடிவு செய்ததில்லை. அவள் ஒரு தாளைக் கிள்ளிப் பார்த்து, போதும் என்பாள். நான் மோட்டாரை நிறுத்துவேன். இந்தத் தடவை அவள் வாயைத் திறக்கவில்லை. எனக்கோ மன்னிப்புக் கேட்டு வாங்கிய தண்ணீர், விட்டுவிட மனம் வரவில்லை. மடையைத் திற என்றேன். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்த் திறந்தாள். இரண்டு மணி நேரம் கூடுதலாகப் பாய்ந்தது. அவள் அரை வயிறும் கால் வயிறுமாகத் தண்ணீர் காட்டிக் காப்பாற்றிய வெங்காயத்தைப் பிடுங்கிப் பட்டறையில் போட்டோம். மூன்று வாரத்தில் பட்டறை பக்கம் போக முடியாத நாற்றம்.

அழுகியதை அள்ளிக் கொட்டும்போது அவளிடம் கோபித்துக்கொண்டேன். உனக்குத் தெரியுமல்லவா, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்றேன். கூடையை இறக்கி வைத்துவிட்டு, எப்போதும் போல மரியாதையாகத்தான் பதில் சொன்னாள். “நான் பேசினா நீங்க போயி மன்னிப்புக் கேக்கோணுமுங்க. நடக்க மாட்டாத காலோட எதுக்குங்க உங்களுக்குச் செரமம்?” அந்த நிமிடம் எனக்கு வந்த வெட்கம் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. ஆனால் அப்போதும் நான் தப்பு என்று சொல்லவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு மாட்டைப் பார்த்தேன்.

அடுத்தது நிலக்கடலை. களை எடுக்க ஆள் வேண்டும். எப்போதும் பத்துப் பெண்கள் வருவார்கள், ராமாத்தாள்தான் அவர்களுக்குத் தலைவி. நான் ஃபோன் செய்ததும் அவள் முதலில் கேட்டது, “அக்கா கூப்புடலீங்களா?” என்றுதான். நான்தான் கூப்பிடுகிறேன், காலை எட்டு மணிக்கெல்லாம் வந்துவிடுங்கள் என்றேன். எட்டரைக்குத்தான் அவர்கள் குழந்தைகளுக்குப் பள்ளிக்கூட வேன் வரும் என்பதும், உன் அம்மா ஒன்பது மணிக்கு ஆரம்பித்து மதியச் சோற்று நேரத்தைக் குறைத்து அதைச் சரிக்கட்டிக்கொள்வாள் என்பதும் எனக்குத் தெரியாது. தட்டுத்தடுமாறி வந்தார்கள். சாயங்காலம் போகும்போது ஒவ்வொருத்தி தலையிலும் ஒரு கட்டு வரப்புப்புல் இருந்தது. நம் மாட்டுக்குப் புல் இல்லையே, யாரைக் கேட்டு அறுத்தீர்கள் என்று சத்தம் போட்டேன். ராமாத்தாள் உன் அம்மாவைப் பார்த்தாள். உன் அம்மா தரையைப் பார்த்தாள். பத்துக் கட்டையும் வரப்பிலேயே போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். களை எடுக்கிற நாளில் வரப்புப்புல்லை அவரவர் ஆட்டுக்கு அறுத்துக்கொள்ளலாம் என்று அவள் எத்தனையோ வருடமாக அவர்களோடு வைத்திருந்த ஏற்பாடு அது. அதனால்தான் ஊரெல்லாம் ஆளில்லை என்று அலையும்போதும் நம் தோட்டத்துக்கு மட்டும் ஆள் தப்பாமல் வந்தது. அது என் நல்ல பெயருக்காக என்று நான் டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தேன். மறுநாள் ஒருத்தியும் வரவில்லை. கடலையில் களை மேலே, கடலை கீழே.

பத்து நாள் கழித்து ஒரு காலையில் அவள் காப்பியோடு வந்து நின்று கேட்க வாயெடுப்பதற்குள் நான் முந்திக்கொண்டு, “இன்னைக்கு என்ன வேலை, நீ சொல்லு” என்றேன். அவள் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள். கேலி செய்கிறேனா என்று பார்த்திருக்க வேண்டும். பிறகு, “ராமாத்தா ஊட்டுக்குப் போயிட்டு வாங்க” என்றாள். நான்தான் போக வேண்டும் என்றாள். கைத்தடியை ஊன்றிக்கொண்டு போய் ராமாத்தாள் வாசலில் நின்று, நான் பேசியது தப்பு என்றேன். இந்த மன்னிப்பு மட்டும் எனக்குச் சுலபமாக வரவில்லை. மறுநாள் பத்துப் பேரும் வந்தார்கள், ஒன்பது மணிக்கு.

இதோடு நான் திருந்திவிட்டேன் என்று எழுத ஆசைதான். வீட்டுக்குள் திருந்தினேன். அன்றிலிருந்து காலையில் நான்தான் கேட்கிறேன், அவள்தான் சொல்கிறாள். எந்தப் பாத்தியில் எந்த விதை, எந்த மாட்டுக்கு எந்தத் தீவனம், எந்த வியாபாரியை உள்ளே விடக் கூடாது எல்லாம் அவள் முடிவு. கேட்டுக்கு வெளியே கதை வேறு. அடுத்த வருடம் விவசாய ஆபீசில் இருந்து வெங்காயப் பட்டறையைப் பார்க்க வந்தார்கள், எப்படி இத்தனை மாதம் கெடாமல் இருக்கிறது என்று கேட்டார்கள். அவள் காலையில் எனக்குச் சொன்னதை அப்படியே என் வார்த்தையாகச் சொன்னேன். ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள், என் பெயர் போட்டு. நீ தீபாவளிக்கு வந்தபோது அதை ஃபோட்டோ எடுத்து உன் சிநேகிதர்களுக்கு அனுப்பினாய். அம்மா அதை ஃபிரேம் போட்டு மாட்டினாள், ஆணியும் அவளே அடித்தாள். நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். அப்பாவின் தோட்டம் என்று நீ வளர்ந்தது இப்படித்தான். உன்னைக் குற்றம் சொல்ல என்னிடம் என்ன இருக்கிறது?

இப்போது ஏன் இந்த அவசரம் என்றால், ஒடிந்த கால் இனி மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார், கண்ணும் முன்போல் இல்லை. நான் நாளைக்கே இல்லாமல் போனால் உன் அம்மாவின் நிலைமை என்ன என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். சங்கத்தில் திரும்பவும் நாற்காலி போடுவார்கள், டீ கொடுப்பார்கள், “தம்பி வரட்டுங்க அம்மணி” என்பார்கள். நீ பெங்களூரில் இருந்து ஃபோனில் தென்னை என்பாய். அவள் “செரிங்க” என்பாள். அந்தச் செரிங்க எனக்குத் தெரியும், உனக்குத் தெரியாது. இரண்டு ரூம் ஃபிளாட்டில் பால்கனித் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, காலையில் உன்னிடம் இன்னைக்கு என்ன வேலை கண்ணு என்று அவள் கேட்கக் கூடாது. எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். உன் தாத்தா தானே சம்பாதித்து வாங்கி எனக்கு எழுதிக் கொடுத்த பூமி, சட்டப்படி உன் கையெழுத்து இல்லாமலே நடக்கும். ஆனாலும் உன்னைத்தான் சாட்சியாகக் கேட்கிறேன். நாளைக்கு இந்தப் பத்திரத்தின் மேல் சந்தேகப்படக்கூடிய ஒரே ஆள் நீதான்.

போன வெள்ளிக்கிழமை பத்திரம் எழுதுபவரிடம் அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். வரமாட்டேன் என்றுதான் சொன்னாள், கறவை நேரத்துக்குள் திரும்பிவிடலாம் என்று சொல்லிக் கூட்டிப்போனேன். அவர் எழுதி வைத்திருந்ததை வாசித்துக் காட்டினார். என் மனைவியாகிய தங்கள் மீது எனக்குள்ள அன்பினாலும் பிரியத்தினாலும் கீழ்க்கண்ட சொத்தைத் தங்களுக்கு எழுதிக் கொடுக்கிறேன் என்று இருந்தது. எல்லாப் பத்திரத்திலும் இப்படித்தான் எழுதுவார்கள். உண்மையைச் சொன்னால், அவள் கண் கலங்குவாள் என்று நான் எதிர்பார்த்தேன். உரக்கடைக்காரர் மருந்தின் பெயரைச் சொல்லும்போது கேட்பதுபோல உன்னிப்பாகக் கேட்டாள். பிறகு, “பிரியமெல்லாம் இருக்கட்டுங்க. நான் பாடுபட்டது எங்கீங்க இருக்குது?” என்றாள். அவருக்குப் புரியவில்லை. “பிரியத்துல குடுத்ததுன்னா நாளைக்கு யாரு வேண்ணாலும் அவரு ஏமாந்து எழுதிப்போட்டாருன்னு சொல்லுவாங்க. வேலை செஞ்சதுக்குன்னு எழுதுங்க” என்றாள். அப்படியெல்லாம் எழுதுகிற வழக்கமில்லை என்று அவர் இழுத்தார். எழுதக் கூடாது என்று சட்டம் இருக்கிறதா என்று நான் கேட்டேன். சட்டமெல்லாம் இல்லை என்றார்.

சரி, நான் சொல்கிறேன், எழுதுங்கள் என்று ஒரு வரி சொன்னேன். முப்பது வருடத்துக்கு மேலாக மேற்படி பூமியில் கணவருக்கு உதவியாக இருந்து பாடுபட்டு வந்ததாலும் என்று சொன்னேன். டைப் செய்து வாசித்தார். அவள் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். வாசித்தார். “ஏனுங்க, அந்தக் கணவருக்கு உதவியாங்கறத எடுத்துடுங்க” என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார். நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, காகிதத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உதவியெல்லாம் இவரு செஞ்சதுங்க. நான் செஞ்சது வெள்ளாமை.”

எடுத்துவிடுங்கள் என்றேன். எடுத்துவிட்டார். வியாழக்கிழமை நீ கையெழுத்துப் போடவேண்டியது அந்தக் காகிதத்தில். முழுவதும் படித்துப் பார்த்துவிட்டுப் போடு.

அப்பா